காவக்காரர் வீட்டு மாங்காய்

அந்த மனுஷனை நான் திட்டிய அளவுக்கு வேறு யாரையும் திட்டியதில்லை. என் வீட்டுக்காரரை இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. வாய் வலிக்கத் திட்டிவிட்டு ஸ்கூட்டரைக் கிளப்பினால் பின்னாலேயே வேகமாக நடந்து வருவார். "மேடம், சைடு ஸ்டாண்டு எடுக்கல பாருங்க" என்பார். திட்டு வாங்கியவர் முகத்தில் ஒரு சுளிப்பும் இருக்காது. வழியில் பத்துக்கண்ணு ஊர் வருகிற வரைக்கும் மனசு கேட்காமல் வண்டி ஓட்டுவது நான்தான்.

பட்டாவிலும் ரேஷன் கார்டிலும் அவருக்கு ஒரு பேர் இருந்தது. காலனியில் அதைச் சொல்லி யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. சின்னது பெரியது எல்லாருக்கும் அவர் காவக்காரர். அவர் சம்சாரமே "எங்க காவக்காரரு" என்றுதான் சொல்லும். ஐம்பது வயது இருக்கும். ஒல்லியான ஆள், காக்கி அரை டிராயர், தோளில் துண்டு. சட்டை போட்டு நான் பார்த்தது இரண்டு தடவையோ என்னவோ.

நான் அப்போது ஒரு டிரஸ்டில் வேலை பார்த்தேன். தோட்டக்கலை டிப்ளமோ முடித்துவிட்டு வில்லியனூரில் சும்மா உட்கார்ந்திருந்தவளுக்கு அந்த வேலை கிடைத்ததே பெரிய விஷயம். இருளர் குடும்பங்களுக்கு வீட்டுக்கு ஐந்து பழக்கன்று கொடுக்க வேண்டும். ஒட்டு மா ஒன்று, கொய்யா இரண்டு, சப்போட்டா ஒன்று, எலுமிச்சை ஒன்று. கொடுத்துவிட்டு வந்துவிட முடியாது, காய்க்கிற வரைக்கும் வாரா வாரம் போய்ப் பார்க்க வேண்டும். வாசலிலேயே கொஞ்சம் வரும்படி இருந்தால் செங்கல் சூளைக்கும் சவுக்கு வெட்டுக்கும் ஊர் ஊராக ஓட வேண்டாம், பிள்ளைகளும் பள்ளிக்கூடத்தை விட வேண்டாம். திட்டம் இதுதான். பேப்பரில் படிக்க நன்றாகத்தான் இருந்தது.

என் பங்குக்கு வந்த காலனி காட்டேரிக்குப்பத்துக்கும் சுத்துக்கேணிக்கும் நடுவில், ஏரிக்கரையை ஒட்டி இருந்தது. இருபது வீடு. எல்லாருக்கும் மனைப்பட்டா இருந்தது. ஏரிக்கரையின் அந்தப் பக்கம் இறங்கினால் ஒரு பெரிய மாந்தோப்பு. அந்தத் தோப்புக்குத்தான் இவர் காவல். இவருக்கு முன்னால் இவர் அப்பா.

முதல் நாள் கன்று கொடுக்கும்போது ஒவ்வொருவரும் கையெழுத்துப் போட்டோ கைநாட்டு வைத்தோ வாங்கிக்கொண்டு போனார்கள். இவர் மட்டும் ஐந்து கன்றையும் வரிசையாகத் தரையில் வைத்து, ஒவ்வொன்றின் தண்டையும் விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"இதெல்லாம் யாருக்குக் காக்கணும் மேடம்?"

நான் சிரித்துவிட்டேன். உங்களுக்குத்தான் அண்ணா, நீங்க வளர்த்து நீங்க சாப்பிட வேண்டியது என்றேன். ஆபீஸ்காரர்கள் ஏதாவது தமாஷ் சொன்னால் மரியாதைக்குத் தலையாட்டுவார்களே, அப்படி ஆட்டினார். நான் அதைக் கவனித்தேன், ஆனால் ஒன்றும் பெரிதாக நினைக்கவில்லை. இன்னும் பதினைந்து வீடு பாக்கி இருந்தது, வெயில் வேறு மண்டையைப் பிளந்தது.

அன்றைக்கே நான் இன்னொரு காரியமும் செய்தேன். வீட்டுக்கு ஒன்றாக இருபது தகரப் பலகை கொண்டு போயிருந்தேன். பச்சைப் பெயின்ட், வெள்ளை எழுத்து, டிரஸ்டின் பேர் பெரிதாக. ஒவ்வொரு மாங்கன்றுக்குப் பக்கத்திலும் ஒரு குச்சியை நட்டு அதைக் கட்டிவிட்டு வர வேண்டும் என்பது ஆபீஸ் உத்தரவு. இருபதையும் என் கையாலேயே கட்டினேன்.

அவர் தோப்புக்குள் நடக்கிற விதத்தைப் பார்த்தவர்களுக்கு மறக்காது. இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு, தலையை அண்ணாந்து, ஒவ்வொரு மரமாகச் சுற்றி வருவார். கிளை முகத்தில் இடித்தால்கூடக் கையால் விலக்க மாட்டார், குனிந்து போவார். ஏதோ பெரிய மனுஷன் தோரணை என்று நான் முதலில் நினைத்தேன். தூரத்தில் இருந்து பார்க்கிறவன் இவன் காய் பறிக்கிறான் என்று சொல்லிவிடக் கூடாது என்பதற்காகச் சின்ன வயசிலேயே அப்பா பழக்கிவிட்ட நடையாம் அது. அவர் சம்சாரம் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

அந்த அம்மாவை நான் அக்கா என்று கூப்பிடுவேன். வாய் ஓயாது, சிரிப்பும் ஓயாது. காவக்காரரைப் பற்றி எது கேட்டாலும் முதலில் தலையில் அடித்துக்கொண்டுதான் ஆரம்பிக்கும். தோப்பில் ஒரு வழக்கம் உண்டு. காற்றில் விழுந்தது, அணில் கடித்தது, இரண்டும் காவக்காரனுக்கு. மரத்தில் இருப்பது மரத்துக்காரருக்கு. எல்லாத் தோப்பிலும் இருக்கிற வழக்கம்தான், எல்லாக் காவக்காரரும் அதைக் கொஞ்சம் முன்னே பின்னே வளைத்துக்கொள்வார்கள். இவர் வளைக்க மாட்டார். அக்காவுக்கு மசக்கையாக இருந்தபோது மாங்காய் மாங்காய் என்று உயிரை விட்டதாம். இவரோ இருநூறு மரத்துக்கு நடுவில் காவல் உட்கார்ந்திருக்கிறார்.

"மூணு நாளு மேடம். மூணாவது நாளு பொழுதோட வந்து ஒரு காய நீட்டறாரு. பாதி இல்ல. அணிலு கடிச்சிப்புட்டு வெச்ச மீதி. அதுக்கு இன்னாய்யா மூணு நாளுன்னு கேட்டா, அணிலு இன்னிக்கித்தான் கடிச்சிதுன்றாரு."

சொல்லிவிட்டு அது கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தது. அவர் பக்கத்திலேயே உட்கார்ந்து முள் வெட்டிக்கொண்டிருந்தார். அணில் மேல் தப்பு இருப்பது போலத்தான் அவர் முகம் இருந்தது. நானும் சிரித்தேன். ராத்திரி என் வீட்டுக்காரரிடம் சொன்னபோதுதான் எனக்குக் கொஞ்சம் ஒரு மாதிரி ஆனது. மூன்று நாள் மரத்தடியில் அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார், கை நீளவில்லை.

ஆனால் சும்மா சொல்லக் கூடாது, அந்தக் காவல் புத்தியால்தான் என் வேலை தப்பியது. பொங்கல் முடிந்ததும் காலனியில் பாதி வீட்டுக்கு மேல் பூட்டிவிட்டுச் சூளைக்குப் போய்விடுவார்கள் என்பது எனக்கு முதலில் தெரியாது. தெரிந்தபோது கன்று நட்டு ஆறே மாதம். நானோ கால் எலும்பு முறிந்து தைக் கடைசியிலிருந்து பங்குனி முழுக்க வீட்டில் கிடந்தேன். சித்திரையில் முதல் தடவை போகும்போது வழியெல்லாம் மேலதிகாரிக்குச் சொல்லப்போகிற சமாதானத்தைத் தயார் பண்ணிக்கொண்டே போனேன். நூறு கன்றும் காய்ந்து குச்சியாகத்தான் நிற்கும் என்று எனக்குச் சந்தேகமே இல்லை.

நூறும் பச்சையாக நின்றது. பூட்டின வீடு, திறந்த வீடு எல்லாம் ஒரே மாதிரி. ஒவ்வொரு கன்றையும் சுற்றி முள் வைத்து, ஆட்டு மூக்குகூட நுழையாமல் அடைத்திருந்தது. தூரில் ஈரம் காயாமல் பனை ஓலை மூடாக்கு. தோப்புக்குப் போகிறதுக்கு முன்னால் விடியற்காலையிலும் திரும்பி வந்து சாயங்காலத்திலும் சைக்கிளில் இரண்டு குடத்தைக் கட்டி ஏரியிலிருந்து தண்ணீர் கொண்டு வந்து ஊற்றியிருக்கிறார். ஒரு தடவை அவருடைய சொந்த ஆடே பக்கத்து வீட்டுச் சப்போட்டாவில் வாய் வைத்துவிட்டதாம். அந்த வீட்டுக்காரர் சூளையில் இருந்தார். இவர் காலனியில் ஒரு பெண்ணிடம் போன் கேட்டு வாங்கி, அவரைக் கூப்பிட்டு, "எங்க ஆடு ஒங்க சப்போட்டாவுல நாலு எல தின்னுடுச்சிப்பா" என்று சொல்லியிருக்கிறார். அந்த ஆள் யாரோ செத்துவிட்டார்கள் என்று பயந்துபோய் எடுத்தவர், நான்கு இலையா என்று கெட்ட வார்த்தையில் திட்டினாராம்.

ஏன் அண்ணா, அவங்களே போய்ட்டாங்க, நீங்க எதுக்கு இவ்வளவு பாடுபடறீங்க என்று கேட்டேன். அவங்க போனாங்க, மரம் இங்கதான இருக்குது என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. கால் வலி என்று சொல்லிச் சமாளித்தேன்.

அந்த அழுகையெல்லாம் அடுத்த வருஷமே கோபமாக மாறியது.

இரண்டாம் வருஷம் கொய்யா காய்த்தது. மற்ற வீடுகளில் காய் பழுப்பதற்குள் பிள்ளைகள் மொட்டையடித்துவிடுவார்கள். அது எனக்குச் சந்தோஷம்தான், பிள்ளைகள் வயிற்றுக்குத்தானே கொடுத்தது. இவர் வீட்டுக்குப் போனால் இரண்டு மரத்திலும் பழம் மஞ்சள் மஞ்சளாகத் தொங்குகிறது. கீழே பத்துப் பன்னிரண்டு விழுந்து அடிபட்டுக் கிடக்கிறது. காவக்காரர் குனிந்து அதைப் பொறுக்கித் துண்டில் போட்டுக்கொண்டிருந்தார். ஏன் அண்ணா பறிக்கவில்லை என்றேன். விழட்டும் மேடம், விழுந்தா எடுத்துக்கலாம் என்றார். விழுந்த கொய்யாவைச் சந்தையில் எவன் வாங்குவான், நாலு நாள் முன்னாடி பறித்திருந்தால் திருக்கனூர் சந்தையில் கூடை கூடையாகப் போயிருக்குமே, உங்களுக்கு என்ன சோம்பேறித்தனம் என்று கத்தினேன். அவர் கேட்டுக்கொண்டே நின்றார். என் காலுக்குப் பக்கத்தில் ஒரு பழம் கிடந்தது. மிதித்துவிடப் போகிறேன் என்று அதை ஓரமாக எடுத்து வைத்தார்.

நான் போன பிறகு அக்கா ஒரு தடவை துணிந்து பறித்துப் பார்த்ததாம். வேலிக்கு வெளியே போய் உட்கார்ந்த காவக்காரர் பொழுது சாயும் வரைக்கும் உள்ளே வரவில்லை, சோறும் சாப்பிடவில்லை. "திருட்டுக் குடுத்த மாரி மூஞ்சி மேடம். அதுக்கப்புறம் எனக்குக் கை வர்ல" என்றது அக்கா.

அந்த மாதம் ஆபீஸில் போட்டோ கேட்டார்கள். பயனாளி குடும்பம் பழம் பறிப்பது போல வேண்டுமாம். நான் இவரை மரத்துக்குப் பக்கத்தில் நிற்க வைத்து, ஒரு பழத்தைப் பிடித்துக்கொள்ளச் சொன்னேன். கையைப் பழத்துக்கு இந்தப் பக்கம் ஒரு விரற்கடை தள்ளியே நிறுத்தினார். இன்னும் கொஞ்சம் கிட்ட என்றேன். ஏழெட்டு போட்டோ எடுத்தேன், ஒன்றிலும் அவர் பழத்தைத் தொடவில்லை. கடைசியில் தன் காவல் கம்பைப் பிடித்துக்கொண்டு மரத்துக்கு முன்னால் விறைப்பாக நின்ற ஒரு போட்டோதான் நன்றாக வந்தது. அதை அனுப்பினேன், ஆபீஸில் இதென்ன போலீஸ் ஸ்டேஷனா என்று கேட்டார்கள்.

அன்றைக்குத்தான் உட்கார வைத்துக் கேட்டேன். பட்டா உங்க பேர்ல இருக்கு, நட்டது நீங்க, தண்ணி ஊத்தினது நீங்க. அப்புறம் யாருது இந்த மரம்?

அவர் தகரப் பலகையைக் காட்டினார். தோப்பு வாசலிலும் அப்படித்தான் ஒரு பலகை உண்டு, முதலாளி பேர் போட்டு. பலகையில் யார் பேரோ அவருடைய மரம். இதில் என்ன குழப்பம் என்பது போல என்னைப் பார்த்தார். மொத காய் மரத்துக்காரர் கையாலதான் பறிக்கணும் என்றும் சொன்னார். அதுவும் தோப்பு வழக்கம்தான். வருஷா வருஷம் முதலாளி வந்து, கற்பூரம் ஏற்றி, முதல் காயைத் தன் கையால் பறித்த பிறகுதான் ஆட்கள் மரத்தில் ஏறுவார்கள். அதற்கு முன்னால் யார் கை பட்டாலும் அது திருட்டு.

எனக்கு முதுகில் யாரோ தட்டியது போல இருந்தது. அந்தப் பலகையைக் கட்டினவள் நான். அத்தனை நாளும் அவரைச் சோம்பேறி, மரமண்டை என்றெல்லாம் திட்டினவளும் நான். ஆபீஸில் பலகையை எடுத்துவிடலாமா என்று கேட்டேன். பணம் கொடுக்கிறவர்கள் வந்து பார்ப்பார்கள், எடுக்கவே கூடாது என்றார்கள். சரி போங்கடா என்று அடுத்த வாரம் நானே கட்டை அவிழ்த்து, பலகையை அவர் வீட்டுக் கூரைக்குப் பின்னால் மறைத்துப் போட்டுவிட்டு வந்தேன். அதற்கடுத்த வாரம் போனால் பலகை பழைய இடத்திலேயே, புதுக் கம்பி போட்டு, முன்னைவிட உயரமாக நிற்கிறது.

"போர்டு வுழுந்து கெடந்துச்சி மேடம். நான்தான் நல்லா கட்டி வெச்சேன். காணாம போனா ஒங்களுக்குக் கெட்ட பேரு."

இந்த ஆளோடு மல்லுக்கட்ட என்னால் ஆகாது என்று விட்டுவிட்டேன். பிரச்சினை இருபது வீட்டில் ஒரே வீடுதானே என்று நினைத்தேன்.

மூன்றாம் வருஷம் தோப்பை வெட்டி மனை போட்டார்கள். முதலாளியின் பிள்ளைகள் விற்றுவிட்டார்கள். ஜேசிபி வந்து பத்து நாளில் எல்லா மரத்தையும் சாய்த்தது. காவக்காரர் ஏரிக்கரையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாராம். அதற்கப்புறம் அவருக்குச் சரியான வேலை கிடையாது, எலி பிடிக்கவோ ஏரியில் மீன் பிடிக்கவோ போவார். அக்கா அந்த வருஷம் முதல் தடவையாகச் சவுக்கு வெட்டுக்குப் போனது. மரக்காணம் பக்கம், மூன்று மாதம், சவுக்குத் தோப்பிலேயே பிளாஸ்டிக் ஷீட் கட்டித் தங்கல். திரும்பி வரும்போது இடது தோள் தூக்க வரவில்லை. தலை வாருவதற்குக்கூடப் பக்கத்து வீட்டுப் பெண் வர வேண்டியிருந்தது. சிரிப்பும் குறைந்துவிட்டது.

என்னிடம் ஒருநாள் அது தன் கணக்கைச் சொன்னது. கொய்யாவும் எலுமிச்சையும் மாறி மாறிக் காய்க்கிறது. சப்போட்டா பூ விட்டிருக்கிறது. பக்கத்து வீட்டுப் பெண்களும் தங்கள் வீட்டுக் காயைத் தந்தால் விற்றுத் தர ஆள் வேண்டும். தனக்குத்தான் வாய் இருக்கிறதே, திருக்கனூர் சந்தையில் உட்கார்ந்தால் வாரம் இரண்டு கூடை விற்றுவிடும். அது போதும்.

"பெருசா ஒண்ணும் கேக்கலம்மா. என் வூட்ல நான் தூங்கணும். அவ்ளோதான். இவரு பறிக்க வுட்டாருன்னா நான் ஏன் அந்தச் சவுக்குத் தோப்புக்குப் போறேன்?"

எப்போதும் மேடம் என்கிற அக்கா அன்றைக்கு அம்மா என்றது. அடுத்த சீசனுக்குச் சவுக்கு மேஸ்திரி ஆள் சேர்க்க வந்தபோது, பார்க்கலாம் என்று மட்டும் சொல்லி அக்கா அனுப்பியிருந்தது.

நான்காம் வருஷம் மா காய்த்தது. பங்கனப்பள்ளி ஒட்டு. மரம் தேறட்டும் என்று முதல் மூன்று வருஷமும் பூவை நானே கிள்ளிவிட்டேன், மரம் கட்டுமஸ்தாக நின்றது. அந்த வருஷம் விட்டதில் நாற்பது காய் போலத் தங்கியது. காவக்காரருக்கு நாற்பத்து மூன்று என்று தெரியும். வேலைக்குப் போகாத நாளெல்லாம் மரத்தடியில்தான் இருந்தார். பழைய கொசுவலையை வெட்டிக் காய்க்குக் காய் உறை போட்டுவிட்டார். எனக்கு அதைப் பார்க்கப் பார்க்கப் பயமாக இருந்தது. இதையும் விழ விட்டால் அக்கா வண்டி ஏறிவிடும்.

அவரே ஒருநாள் தயங்கித் தயங்கிப் பேசினார். உங்க பெரிய சாரை வரச் சொல்லுங்க மேடம், அவரு கையால மொத காய் பறிச்சிட்டாருன்னா அப்புறம் எங்க வூட்டுல சந்தைக்குக் கொண்டு போயிடும் என்றார். அவருக்கும் அக்கா போகக் கூடாது என்று இருக்கிறது, அதற்கு அவருக்குத் தெரிந்த வழி இது ஒன்றுதான். நானும் சண்டை போடாமல் சரி என்றேன். ஆபீஸில் சொன்னேன். பெரிய சாருக்கு ஒரே சந்தோஷம். வெளியிலிருந்து இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு வெள்ளிக்கிழமை வருகிறேன் என்றார்.

வெள்ளிக்கிழமை காவக்காரர் சட்டை போட்டுக்கொண்டு காத்திருந்தார். மரத்தடியைப் பெருக்கித் தண்ணீர் தெளித்து, ஒரு தட்டில் கற்பூரமும் வெற்றிலையும் வைத்திருந்தார். சார் வரவில்லை, ஏதோ மீட்டிங். திங்கள் என்றார்கள். திங்களும் போய் வியாழன் என்றார்கள். இதற்குள் எட்டுக் காய் பழுத்து விழுந்தது. விழுந்ததை இவர்கள் சாப்பிட்டார்கள், எனக்கும் ஒன்று கொடுத்தார்கள். தேனாக இனித்தது, பாதியில் வைத்துவிட்டேன்.

வியாழக்கிழமை காலையில் நான் போகும்போதே மேஸ்திரியின் வண்டி காலனி முனையில் நின்றது. சின்ன லாரி. பின்னால் ஏழெட்டுப் பெண்கள் பாத்திரம், படுக்கையோடு ஏறி உட்கார்ந்திருந்தார்கள். அக்கா ஒரு மூட்டையைக் கட்டி வாசலில் வைத்திருந்தது. அரிவாளைச் சாக்கில் சுற்றிக்கொண்டிருந்தது. காவக்காரர் அதே சட்டையில் மரத்தடியில் நின்று, "சாரு வராரா மேடம்?" என்றார்.

அப்போதுதான் எனக்கு ஆபீஸில் இருந்து போன் வந்திருந்தது. இந்த வாரம் முடியாது, அடுத்த வாரம் நிச்சயம் என்று. அடுத்த வாரம் மரத்தில் என்ன இருக்கும்? எனக்குச் சுர்ரென்று ஏறியது. சார் மேல், ஆபீஸ் மேல், இந்த மனுஷன் மேல், என் மேல். வேலியைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனேன். சார் வரமாட்டார், இனிமேலும் வரமாட்டார், நானும் அந்த ஆபீஸ்தான், என் கை போதும் என்று கத்திக்கொண்டே கைக்கு எட்டின கிளையை இழுத்து, வலையோடு ஒரு காயை வெடுக்கென்று பறித்தேன்.

காம்பிலிருந்து பால் பீச்சி என் மணிக்கட்டில் அடித்தது. கிளை மேலே போய் ஆடியது.

"யாரக் கேட்டுப் பறிச்சீங்க?"

அந்தக் குரலை நான் நான்கு வருஷத்தில் கேட்டதில்லை. சத்தம் அதிகம் இல்லை. ஆனால் லாரியில் ஏறப்போன ஒரு பெண் அப்படியே திரும்பிப் பார்த்தாள். திருடி மாட்டிக்கொண்டால் இப்படித்தான் இருக்கும் போல. காயைக் கையில் வைத்துக்கொண்டு முழித்தேன். மேடம் என்றுகூட அவர் சொல்லவில்லை.

பிறகு எனக்கு எங்கிருந்து வந்ததோ, மெதுவாகக் கேட்டேன். "யாரைக் கேக்கணும் அண்ணா? சொல்லுங்க, கேக்கறேன்."

அவர் பலகையைப் பார்த்தார். மேஸ்திரி ஆரன் அடித்தார். அக்கா மூட்டையின் மேல் ஒரு கையை வைத்தபடி நின்றது. அது அவரைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"என்னத்தான் கேக்கணும்" என்றார்.

சொன்ன பிறகு அவருக்கே வேர்த்துவிட்டது. துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார்.

"தப்புதான் அண்ணா, மன்னிச்சிக்குங்க" என்றேன். வேலை என்று வந்த பிறகு நான் மனசாரக் கேட்ட ஒரே மன்னிப்பு அது. எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. "இப்பக் கேக்கறேன். பறிக்கலாமா?"

அவர் என் கையில் இருந்த காயை வாங்கிக் காம்பைப் பார்த்தார். முகம் சுளித்தார்.

"இது முத்தல. இந்தக் கெளையில வேணாம், இன்னும் ஒரு வாரம் போவணும். வடக்கால இருக்கறதுதான் முத்தி இருக்குது. அதுவும் இப்பிடி வெடுக்குனு இழுக்கக் கூடாது."

வடக்குப் பக்கம் போனார். ஒரு காயின் வலையைக் கழற்றினார். உள்ளங்கையில் அதை ஏந்திக்கொண்டு கொஞ்ச நேரம் சும்மாவே நின்றார். கற்பூரம் ஏற்றணுமா என்று கேட்க நினைத்தேன், கேட்கவில்லை. ஒரு திருகு. காய் காம்போடு அவர் கையில் வந்தது. அதைக் கொண்டுபோய் அக்கா கையில் கொடுத்துவிட்டு, அடுத்த காய்க்குத் திரும்பிவிட்டார்.

மேஸ்திரி இரண்டாம் தடவை ஆரன் அடித்து, இன்னா வர்றியா இல்லியா என்று கத்தினார். அக்கா மாங்காயை மடியில் கட்டிக்கொண்டது. வாசலில் இருந்த மூட்டையைக் காலால் உள்ளே தள்ளியது.

"நீங்க போங்கய்யா. நான் வர்ல. எங்க வூட்ல இன்னிக்கிக் காய் பறிக்கறாங்க."